வாங்கிய பின் எழும் ஐயம்

ஒரு பொருளை வாங்குமுன் யோசிப்பது மனித இயல்பு. வாங்கிய பின்னும் யோசித்துக்கொண்டே இருப்பது எதனால்? பணம் கைமாறிவிட்டது. பொருள் வீடு வந்து சேர்ந்துவிட்டது. இனி ஆராய்ந்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்பது அறிவுக்கு நன்றாகத் தெரியும். ஆயினும் இரவில் விளக்கை அணைத்த பிறகு மனம் அதே கணக்கை மீண்டும் முதலிலிருந்து போடத் தொடங்குகிறது.

சட்டைத் துணி, சமையல் பாத்திரம் போன்ற சிறு பொருள்களானால் இந்த உறுத்தல் இரண்டு நாளில் மறைந்துவிடும். நடுத்தரக் குடும்பம் ஒன்று வீட்டுக்கு அடுத்தபடியாகப் பெருந்தொகை செலவிட்டு வாங்குவது கார். பல ஆண்டுகள் உழைத்த பழைய வண்டியை அனுப்பிவிட்டுப் புதியது ஒன்றை வாசலில் நிறுத்தியவருக்கு இந்த உறுத்தல் மாதக்கணக்கில் நீடிப்பதுண்டு. பழையதையே பழுது பார்த்து ஓட்டியிருக்கலாமோ, வேறு கம்பெனி வண்டியை வாங்கியிருக்கலாமோ, இன்னும் சிறிது பொறுத்திருக்கலாமோ என்று கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். இது வெறும் மனச்சலனமா, அல்லது மனச்சாட்சி ஏதோ சொல்ல முயல்கிறதா? இரண்டும் ஒரே குரலில் பேசுவதால்தான் தொல்லை. சலனத்தை மனச்சாட்சி என்று எண்ணி வருந்துவோர் உண்டு. மனச்சாட்சியைச் சலனம் என்று எண்ணி அடக்கிவிடுவோரும் உண்டு. பின்னவர் நிலையே அதிகக் கவலைக்குரியது.

இத்தகைய ஐயத்துக்கு இடமே இல்லாத காலம் ஒன்றும் நம் நாட்டில் இருந்தது. விடுதலைக்குப் பின் நெடுங்காலம் கார் வாங்க விரும்பியவருக்குத் தேர்வு என்பது பெயரளவுக்கே. கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் உருவான அம்பாசடர், பம்பாயில் உருவாகிப் பின்னாளில் பிரீமியர் பத்மினி எனப் பெயர் பெற்ற ஃபியட், சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவற்றோடு பட்டியல் ஏறக்குறைய முடிந்துவிடும். முன்பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 1993இல் கார் உற்பத்திக்கு உரிமம் பெற வேண்டிய நிலை நீங்கியது. அதன்பின் வந்த வெள்ளத்தில் பழையவை ஒவ்வொன்றாக விடைபெற்றன. மாருதி 800, அம்பாசடர் இரண்டின் உற்பத்தியும் 2014ஆம் ஆண்டில் நின்றது. இன்று ஒரே விலை வரம்புக்குள் பல வண்டிகள். ஒவ்வொன்றிலும் நாலைந்து வகைகள். பெட்ரோல், டீசல், சி.என்.ஜி., மின்கலம் என்று பிரிவுகள். ஒன்றைத் தேர்ந்தவர் மற்ற அனைத்தையும் விட்டவர் ஆகிறார். விட்டவை ஒவ்வொன்றும் நாளைய வருத்தத்துக்கு வித்து. அம்பாசடர் வாங்கியவருக்கு இந்த வகை வருத்தம் வர வழியில்லை, ஏனெனில் அந்த ‘வேறொன்று’ அன்று கடையில் இல்லை.

அமெரிக்க உளவியலாளர்கள் டேனியல் கில்பர்ட், ஜேன் எபர்ட் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வொன்று இதை ஒட்டியது. புகைப்படக்கலை பயின்ற மாணவர்கள் தாம் எடுத்த இரண்டு படங்களுள் ஒன்றைத் தமக்கென வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு சாராரிடம், பிறகு வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லப்பட்டது. மற்றவர்களிடம், தேர்ந்தது தேர்ந்ததுதான், மாற்ற இயலாது என்று சொல்லப்பட்டது. சில நாள் கழித்துப் பார்த்தபோது, மாற்ற வழியில்லாதவர்களே தம் படத்தை அதிகம் விரும்பினர். மாற்றும் உரிமை பெற்றவர்களின் விருப்பம் குறைந்திருந்தது. இதிலிருந்து, உரிமமும் காத்திருப்பும் நிறைந்த அந்தக் காலமே மன அமைதிக்கு உகந்தது என்று முடிவு கட்டினால் அது வேடிக்கையாகிவிடும். அக்காலத்தவர் தவிப்பு வாங்குமுன் இருந்தது. இக்காலத்தவர் தவிப்பு வாங்கிய பின் வருகிறது. தவிப்பு இடம் மாறியது, அவ்வளவே.

ஓர் உதாரணம்

டில்லியில் வாழும் ஓய்வுபெற்ற ஊழியர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவர் ஒரு தனி மனிதர் அல்லர். 2025ஆம் ஆண்டில் அந்த நகரில் அவரைப் போன்றோர் பலர் இருந்தனர். 2009ஆம் ஆண்டின் இறுதியில் பதிவான சிறிய பெட்ரோல் கார் அவருடையது. வெளித்தோற்றத்தில் குறையில்லை, நகருக்குள் தினமும் ஓடிக்கொண்டிருந்தது. தலைநகர்ப் பகுதியில் பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடலாகாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விதித்திருந்ததை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதி செய்திருந்தது. 2025 ஜூலை முதல் தேதியிலிருந்து அத்தகைய வண்டிகளுக்கு டில்லியின் பெட்ரோல் நிலையங்களில் எரிபொருள் கிடையாது என்ற அறிவிப்பும் வந்தது. எண் பலகையைப் படிக்கும் கேமராக்கள் நிலையங்களில் பொருத்தப்பட்டன. அவர் அஞ்சினார். ஜூன் கடைசியில் 60,000 ரூபாய்க்குப் பழைய வண்டியைக் கொடுத்துவிட்டார். ஜூலையில் கடன் வாங்கிப் புதிய சிறு கார் ஒன்றை எடுத்தார்.

அதன்பின் நடந்தவை அவர் உறக்கத்தைக் கெடுக்கப் போதுமானவை. எரிபொருள் தடை தொடங்கிய சில நாள்களிலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்ட் 12ஆம் தேதி, வயதை மட்டுமே காரணம் காட்டி இவ்வண்டிகளின் உரிமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. மூன்று நாள் கழித்துச் சுதந்திர தின உரையில் வரிச் சீர்திருத்தம் வரப்போவதாகப் பிரதமர் அறிவித்தார். செப்டம்பர் 22 முதல் சிறிய கார்கள் மீதான வரி, கூடுதல் தீர்வையும் சேர்ந்து 29 சதவிகிதமாக இருந்தது, 18 சதவிகிதமாகக் குறைந்தது. வரிக்கு முந்திய விலை 5,00,000 ரூபாய் என்றால், அவர் கட்டிய வரி 1,45,000. இரண்டு மாதம் பொறுத்திருந்தால் 90,000. வித்தியாசம் 55,000 ரூபாய். பழைய வண்டியை விற்றிருக்கவும் வேண்டாம். புதியதை அவ்விலைக்கு வாங்கியிருக்கவும் வேண்டாம். ‘அவசரப்பட்டு அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டீர்களே’ என்று உறவினர் சொல்லிவிட்டுப் போனார். உறவினருக்கு அது ஒரு வாக்கியம். இவருக்கோ நான்கு மாத மன நோய்.

டிசம்பரில் காட்சி மறுபடியும் மாறியது. உச்ச நீதிமன்றம் தன் ஆகஸ்ட் ஆணையைத் திருத்தி, அந்தப் பாதுகாப்பு பி.எஸ்.-4 தரமும் அதற்கு மேற்பட்ட தரமும் உடைய வண்டிகளுக்கே உரியது என்று வரையறுத்தது. டில்லியில் பி.எஸ்.-4 தரம் 2010 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. 2009ஆம் ஆண்டு வண்டி அதற்குக் கீழ்ப்பட்டது. ஆக, ஜூனில் மூடத்தனமாகத் தோன்றாதது ஆகஸ்டில் மூடத்தனமாகி, டிசம்பரில் மறுபடியும் முன்யோசனை ஆயிற்று. அந்த மனிதர் செய்த செயல் ஒன்றே. அது ஒரு முறைதான் செய்யப்பட்டது. அதன்மீது காலம் எழுதிய தீர்ப்பு மட்டும் மூன்று முறை மாறியது. இதில் எந்தத் தேதியில் நின்றுகொண்டு அவர் தம்மைத் தாமே நிந்திப்பது?

செயலைச் செய்தபோது இருந்த அறிவைக்கொண்டே அதை மதிப்பிட வேண்டும் என்பது நியாயம் அறிந்தோர் கொள்கை. பின்னால் தெரிந்ததை முன்னால் தெரிந்திருக்க வேண்டியதாக எண்ணிக்கொள்வது மனம் செய்யும் ஒரு மோசடி. ஜூன் மாதத்தில் தெரிந்திருக்கக்கூடியவை எவை? அறிவிப்பு இருந்தது, அதன் தேதி இருந்தது, வண்டியின் வயது இருந்தது. இத்தகைய அறிவிப்புகள் கடைசி நேரத்தில் ஒத்திப்போவது உண்டு என்ற உலக அனுபவமும் இருந்தது. அதையும் எடை போட்டாரா என்று அவரைக் கேட்கலாம். வரி குறையும் என்பதை ஏன் அறியவில்லை என்று கேட்பதற்கு மட்டும் இடமே இல்லை.

மனமும் புத்தியும்

வேதாந்த நூல்கள் உள்கருவியாகிய அந்தக்கரணத்தை ஒன்றெனக் கொண்டாலும் அதன் தொழிலை வைத்துப் பிரித்துப் பேசுகின்றன. சதானந்தர் இயற்றிய வேதாந்தசாரம், நிச்சயம் செய்வதைப் புத்தி என்றும், இதுவோ அதுவோ என்று சங்கற்ப விகற்பங்களில் ஊசலாடுவதை மனம் என்றும் வரையறுக்கிறது. இந்தப் பிரிவை நூலறிவாக மட்டும் வைத்துக்கொள்பவர் பலர். வாங்கிய பொருளைப் பற்றி விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு யோசிப்பவருக்கு இது நேரடியாக உதவக்கூடிய பிரிவு.

முடிவெடுப்பது புத்தியின் வேலை. அது முடிந்துவிட்டது. ஆனால் புத்தி முடிவெடுத்தவுடன் மனம் தன் தொழிலை நிறுத்திவிடும் என்று எந்த நூலும் உறுதி தரவில்லை. விகற்பம் மனத்தின் குற்றமன்று, அதன் இயல்பு. ஓடும் நீர் சலசலப்பதைப் போல. அந்தச் சலசலப்பைப் புதிய சான்று என்று எடுத்துக்கொண்டு, முடிந்த வழக்கைப் புத்தி மறுபடியும் விசாரணைக்கு எடுக்கும்போதுதான் துன்பம் தொடங்குகிறது. புதிய சான்று ஏதேனும் வந்திருக்கிறதா என்பது ஒன்றே அப்போது கேட்க வேண்டிய கேள்வி. நேற்று எண்ணியதையே இன்றும் எண்ணுவது சான்றாகாது.

மகாபாரதம் இவ்விஷயத்தில் மிகுந்த நேர்மை உடையது. கீதையின் முடிவில் கண்ணன், சொன்னதை முழுவதும் ஆராய்ந்து விரும்பியபடி செய்யுமாறு முடிவை அர்ஜுனனிடமே விடுகிறான். அர்ஜுனனும் ஐயம் நீங்கியதாகச் சொல்லி வில்லை எடுக்கிறான். கதை அங்கே முடிந்திருந்தால், நிச்சயம் பிறந்த பின் சலனமே இராது என்று கொள்ளலாம். ஆனால் போர் தொடங்கிய மூன்றாம் நாளிலும் ஒன்பதாம் நாளிலும் அர்ஜுனன் பீஷ்மரிடம் மென்மையாகப் போரிடுவதைக் கண்டு, ஆயுதம் ஏந்துவதில்லை என்றிருந்த கண்ணனே தேரிலிருந்து குதித்துப் பாய நேர்கிறது. பதினெட்டு அத்தியாயம் கேட்ட பின்னும் அர்ஜுனன் கை தளர்ந்தது! அதற்காகக் கண்ணன் கீதையை மறுபடியும் முதலிலிருந்து சொல்லவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. எடுத்த முடிவை நினைவூட்டித் தேரைத் திருப்பித் தருவதே அப்போது தேவையாக இருந்தது.

ஊசலாட்டத்துக்கு நேர் எதிரான இன்னொரு தந்திரமும் மனத்திடம் உண்டு. அது சுயநியாயம். லியான் ஃபெஸ்டிங்கர் என்னும் அமெரிக்க உளவியலாளர் 1957இல் எழுதிய நூலில், ஒன்றுக்கொன்று முரண்படும் எண்ணங்களை மனிதன் பொறுக்கமாட்டாமல் எப்படியாவது இசைவித்துக்கொள்வான் என்று விளக்கினார். அதே ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு புதிதாகக் கார் வாங்கியவர்களைப் பற்றியது. அவர்கள் எந்த விளம்பரங்களைப் படிக்கிறார்கள் என்று பார்த்தார்கள். தாம் வாங்கிய வண்டியின் விளம்பரத்தையே அவர்கள் அதிகம் படித்தனர். வாங்க எண்ணிக் கைவிட்ட வண்டிகளின் விளம்பரங்களை அவ்வளவாகப் படிக்கவில்லை. விளம்பரம் என்பது வாங்கச் செய்வதற்காக எழுதப்படுவது. வாங்கி முடித்தவருக்கு அதனால் என்ன பயன்? ஆறுதல்தான் பயன். ‘நீ செய்தது சரி’ என்று யாராவது சொல்ல வேண்டும். வேறு யாரும் சொல்லாதபோது விற்றவனே சொல்லட்டும் என்று அவனிடமே போகிறது மனம்.

ஆக, ஐயப்படும் மனமும் தன்னைத் தானே பாராட்டிக்கொள்ளும் மனமும் வேறு வேறு அல்ல. ஒரே நாளில் காலையில் ஒன்றும் மாலையில் மற்றொன்றும் தலைதூக்கும். காலையில் பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியைக் கண்டு தன் தேர்வைக் குறை கூறிக்கொண்டவர், மாலையில் வந்த நண்பரிடம் தன் வண்டியின் மைலேஜைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார். இரண்டிலும் மையத்தில் அமர்ந்திருப்பது அகங்காரம். ‘ஏமாந்தவன்’ என்ற பெயரை அதனால் தாங்க முடியாது. ‘சாமர்த்தியசாலி’ என்ற பெயர் இல்லாமல் இருக்கவும் முடியாது. காரைப் பற்றிய கவலையாகத் தோன்றுவதில் பெரும்பங்கு இந்தப் பெயரைப் பற்றிய கவலையே. தனியாக ஒரு தீவில் வாழ்பவன் தன் வண்டியைப் பற்றி இவ்வளவு வருந்துவானா என்பது சந்தேகம்.

கணக்கில் வராத தொகை

ஐயம் எழுகிறது என்பதைவிட, அது எதை நோக்கி எழுகிறது என்பது முக்கியமானது. ‘எனக்கு எவ்வளவு நஷ்டம்’ என்று கேட்கும் ஐயம் ஒருவகை. ‘இது தேவையா, யாருடைய சுகத்தைக் குறைத்து இது வந்தது, இதனால் யாருக்காவது தீங்கு நேர்ந்ததா’ என்று கேட்கும் ஐயம் வேறுவகை. முதல்வகை தானாகவே வரும், துரத்தினாலும் போகாது. இரண்டாம் வகை அழைத்தால்தான் வரும்.

டில்லிக்காரரின் வழக்கை இன்னும் சற்று நெருங்கிப் பார்த்தால் இது புலப்படும். அவருடைய பழைய வண்டியை வாங்கியவர் ராஜஸ்தானத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த இளைஞர். நோயுற்ற தாயை மாவட்ட மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதற்கென்று சேமிப்பைத் திரட்டிக்கொண்டு வந்தவர். அந்த வண்டிக்கு ஒரு குறை இருந்தது. நகருக்குள் ஓடும்போது தெரியாது. நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் நிற்காமல் ஓடினால் எஞ்சின் சூடேறி ரேடியேட்டரில் நீர் கொதிக்கும். ஹெட் கேஸ்கெட் போய்க்கொண்டிருக்கிறது என்று மெக்கானிக் ஓராண்டுக்கு முன்பே சொல்லியிருந்தார். நெடுஞ்சாலைக்கு அந்த வண்டியை எடுப்பதை அவர் அப்போதே நிறுத்திவிட்டார். விற்கும்போது இதைச் சொல்லவில்லை. இளைஞர் தெருவில் இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்தார், திருப்தியுற்றார், பணம் கொடுத்தார். பழைய வண்டியை வாங்குபவர் பார்த்துத்தான் வாங்க வேண்டும், கேட்டிருந்தால் சொல்லியிருப்போம் என்பது சந்தைத் தர்மம். சந்தைக்கு அது போதும்.

வருத்தத்தின் கணக்கேட்டைப் புரட்டினால் வேடிக்கை தெரியும். 55,000 ரூபாய் வரி வித்தியாசம் அதில் தினமும் எழுதப்படுகிறது. அவசரத்தில் குறைந்த விலைக்கு விற்றது எழுதப்படுகிறது. சந்தர்ப்பம் தம்மை ஏமாற்றிவிட்டது என்ற புகார் பெரிய எழுத்தில் இருக்கிறது. தாம் இன்னொருவரை ஏமாற்றியது மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. அரசாங்கம் முன்கூட்டிச் சொல்லாததால் அவருக்கு நேர்ந்தது நஷ்டம் என்றால், அவர் முன்கூட்டிச் சொல்லாததால் அந்த இளைஞருக்கு நேரப்போவதற்கு என்ன பெயர்? தாயுடன் வெயிலில் நெடுஞ்சாலை ஓரத்தில் அந்த வண்டி நிற்கப்போகும் நாள் ஒன்று இருக்கிறது.

இவர் கெட்டவர் அல்லர். பிறரிடம் பத்து ரூபாய் கூடுதலாக வந்துவிட்டால் திருப்பிக் கொடுக்கக்கூடியவர். நஷ்டத்தைப் பற்றிய இரைச்சல் அதிகமாக இருக்கும்போது மற்றொன்று காதில் விழுவதில்லை, அவ்வளவுதான். ஓயாத மனச்சலனத்தின் மெய்யான கேடு உறக்கம் கெடுவதில் இல்லை. தேவையற்ற விசாரணையில் புத்தி முழுநேரமும் அமர்த்தப்பட்டிருப்பதால், தேவையான விசாரணைக்கு அதற்கு ஓய்வு இருப்பதில்லை. இதுவே அதன் பெரிய கேடு.

தேவை என்ற கேள்வியும் இவ்வாறே அமுங்கிப்போகிறது. இரண்டு பேர் வாழும் வீட்டில், வாரத்துக்கு மூன்று முறை காய்கறிச் சந்தைக்கும் மாதம் ஒருமுறை மருத்துவரிடமும் போக, ஏழாண்டுக் கடனில் ஒரு வண்டி வேண்டுமா என்பது வாங்குமுன் கேட்டிருக்க வேண்டியது. மெட்ரோ ரயிலும் ஆட்டோவும் உள்ள நகரம் அது. இதற்கு ‘வேண்டும்’ என்ற விடையும் நியாயமானதாக இருக்கலாம். மனைவிக்கு முழங்கால் வலி இருந்தால் மெட்ரோ நிலையத்தின் தூரம் பெரிய தூரம். குறை இருப்பது விடையில் அன்று, கேளாமையில். எந்த வண்டி என்பதில் மூன்று வாரம் ஆராய்ந்தவர், வண்டி வேண்டுமா என்பதில் மூன்று நிமிடம் செலவிடாதது வியப்பு. ஆனால் இது எல்லா வீட்டிலும் நடப்பது.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் திதரோ பதினெட்டாம் நூற்றாண்டில் தம் பழைய அங்கியைப் பிரிந்த வருத்தத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். புதிதாக வந்த அழகிய அங்கியின் அருகே அறையில் இருந்த மேசை, நாற்காலி, திரைச்சீலை எல்லாம் மங்கலாகத் தெரிய, ஒவ்வொன்றாக மாற்ற நேர்ந்ததாம். புதிய கார் வந்த வீட்டில் அடுத்து வாசல் கதவுக்கு வண்ணம் பூசுவார்கள் என்பதை அவர் சொல்லித்தான் அறிய வேண்டும் என்பதில்லை. பழைய வண்டியின் மீதுள்ள பற்றுக்கும் ஒரு வார்த்தை. முதல் பேரனை மருத்துவமனையிலிருந்து அழைத்து வந்த வண்டி என்று கண் கலங்குவது இயல்பே. பேரன் இருக்கிறான், வண்டி போயிற்று என்று எண்ணினால் அந்த வருத்தம் தானே தணியும். அது யாருக்கும் கெடுதல் செய்யாத வருத்தம்.

வள்ளுவர் வாக்கில் இரு பொருள்

திருக்குறளில் வினைத்தூய்மை என்னும் அதிகாரத்தில், பின்னால் ‘என்ன செய்துவிட்டோம்’ என்று இரங்கத்தக்க செயலைச் செய்யலாகாது என்று தொடங்கும் குறள் ஒன்று உண்டு. ஒருகால் செய்துவிட்டால் என்ன செய்வது என்பது அதன் பிற்பகுதி. அங்கே உரையாசிரியர்கள் இரண்டு வழியாகப் பிரிகிறார்கள். மீண்டும் அத்தகைய செயலைச் செய்யாமை நன்று என்று பொருள் கொள்வது ஒரு வழி. பரிமேலழகர் வேறு வழி செல்கிறார். ஒருகால் மயங்கிச் செய்துவிட்டால், பின்னர் இருந்து அந்த இரங்குதலைச் செய்யாமல் இருப்பது நன்று என்பது அவர் கொண்ட பொருள்.

முதலில் கேட்கும்போது பரிமேலழகர் உரை சற்றுக் கடுமையாகவே படுகிறது. தவறு செய்தவன் வருந்தவும் கூடாதா? ஆனால் இரங்குதல் என்ற தொழிலைக் கூர்ந்து நோக்கினால் அவர் கருத்து விளங்கும். இரங்குதலால் முன்செய்தது மாறுவதில்லை. இரங்குபவருக்கு மட்டும், தான் ஏதோ பரிகாரம் செய்துகொண்டிருப்பதாக ஒரு திருப்தி ஏற்படுகிறது. டில்லிக்காரர் நான்கு மாதம் வருந்தினார். அதனால் வரி திரும்பி வரவில்லை, ரேடியேட்டரும் சரியாகவில்லை. அதேசமயம் மற்ற உரையைத் தள்ளிவிடவும் முடியாது. மீண்டும் செய்யாமை என்பதற்கு, செய்தது இன்னது என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். விலை கூடுதலாகப் போனதை ‘மீண்டும் செய்யாமல்’ இருக்க முடியுமா? வருங்கால வரியை அறியும் ஆற்றல் வந்தால் முடியும். குறையை மறைத்து விற்றதை மீண்டும் செய்யாமல் இருப்பதோ முழுக்க முழுக்க அவர் கையில் உள்ளது. இரண்டு உரைகளையும் ஒரே வழக்கில் வைத்துப் பார்த்தால் அவை சண்டையிடவில்லை. வரிக் கணக்குக்குப் பரிமேலழகர் உரை பொருந்தும். மறைத்த குறைக்கு மற்ற உரை பொருந்தும்.

மறைத்த குறையின் விஷயத்தில் மீண்டும் செய்யாமை என்பதும் போதாது. இளைஞருக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்த வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. குறை இன்னும் தீரவில்லை. ‘முடிந்த செயல்’ என்று எண்ணியது உண்மையில் முடியாத செயல். புதிய வண்டியை வாங்கியது முடிந்துவிட்டது. பழைய வண்டியை விற்றது முடியவில்லை. இங்கே புத்தி வழக்கை மீண்டும் எடுப்பது சலனம் ஆகாது.

சட்டமும் ஏறக்குறைய இப்படித்தான் பார்க்கிறது. காரை விற்றுப் பணம் பெற்றுச் சாவியைக் கொடுத்த மாத்திரத்தில் பொறுப்பு நீங்கிவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டப்படி விற்றவரும் கைமாற்றத்தைப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மாநிலத்துக்குள் என்றால் 14 நாள். வெளிமாநிலம் என்றால் தடையில்லாச் சான்று முதலியவற்றுடன் 45 நாள் என்று கெடு உண்டு. பதிவேட்டில் பெயர் மாறாத வரையில் விபத்து இழப்பீட்டுக்குப் பழைய உரிமையாளரே பொறுப்பாவார் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வண்டி கைமாறிக் கைமாறி எங்கோ ஓடிக்கொண்டிருந்தாலும், ஏட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரையே சட்டம் தேடி வரும். எஞ்சினின் குறையைப் பற்றி எந்தப் பதிவேடும் கேட்பதில்லை.

அவர் இப்போது செய்யக்கூடியது சிறியது. பதிவுத் தாள்களின் நகலில் இளைஞரின் தொலைபேசி எண் இருக்கிறது. நெடுந்தூரம் ஓட்டுமுன் ஹெட் கேஸ்கெட்டை மாற்றிவிடுமாறு சொல்லலாம். மாற்றும் செலவைத் தாமே அனுப்பிவைப்பதாகவும் சொல்லலாம். மறுமுனையில் கோபமான வார்த்தைகள் வரக்கூடும். ‘முன்பே தெரியுமா?’ என்ற கேள்வி நிச்சயம் வரும். அதற்கு விடை சொல்வது, 55,000 ரூபாயை இழந்ததைவிடக் கடினமாக இருக்கும். செலவு அவ்வளவு ஆகாது.